நெட்டாகலையில் கடுகதி நிற்பதில்லை

பெயர்தான் கடுகதி.
எங்கள் ஏற்றத்தில் அது
சினைமாடு போல மூச்சிரைத்துத்தான் வரும்.
லயத்துப் பையன்கள் கூடவே ஓடி
ஜன்னலில் கைநீட்டி
பிஸ்கட் வாங்கித் தின்றபடி
நடந்தே திரும்பிவிடலாம்.
ஆனாலும் நிற்காது.
பதினாறு வருட உத்தியோகத்தில்
எனக்கு விளங்கியது இவ்வளவுதான்:
வேகம் என்றால்
நமக்காக நிற்காமல் போவது.

மாலை ஐந்து நாற்பது.
மேடை நுனியில் நான்.
கையில் வளையம்,
வளையத்தின் தோல்பையில் பித்தளை வில்லை.
அது கைக்கு வராமல்
அடுத்த ஸ்டேசன் வரைக்குமான ஒற்றைப் பாதையில்
ஒரு சக்கரமும் உருளக்கூடாது. சட்டம்.
டிரைவர் தோளை நீட்டுவார்,
நான் கையை நீட்டுவேன்.
பழையது இறங்கும், புதியது ஏறும்.
கடுகதிக்கும் எங்கள் ஊருக்கும்
கொடுக்கல் வாங்கல் அந்த ஒரு நொடி.

பிறகு பெட்டிகள்.
கதவில் தொங்கித் தம்மையே படமெடுக்கும் வெள்ளைக்காரர்கள்,
தேயிலைக்குக் கையசைக்கும் கலியாண ஜோடிகள்.
வெள்ளிக்கிழமைகளில்
கடைசிக்கு முந்திய பெட்டியில்
மேல்லயத்துப் புஷ்பகாந்தி.
வெள்ளவத்தையில் வீட்டுவேலை.
தன் வீட்டுத் தகரத்தை,
கொடியில் ஈரம் சொட்டும் தம்பியின் சட்டையை
பார்த்துக்கொண்டே கடந்து போவாள்.
ஏழு கிலோமீற்றர் தள்ளி இறங்கி
சிலிப்பர்கட்டை மிதித்துத் திரும்பி வருவாள்.
ஒன்பது மணிக்குச் சுரங்க வாயில்
கைப்பேசி வெளிச்சம் ஒன்று
மினுங்கும், அணையும், மினுங்கும்.
என்னவோ, அதுவரை நான் சாப்பிடுவதில்லை.

அன்று
மழையென்று சொல்ல முடியாது. தூறல்.
வளையம் டிரைவரின் தோளைத் தொட்டது.
தொட்டுவிட்டு
கானோரத்து ஹைட்ரேஞ்சியாப் புதருக்குள்
போய் விழுந்தது.

இரும்பு இரும்பைக் கடித்து அலறியது.
கடுகதி நின்றது.
நெட்டாகலையில்.

கோச்சி கண்டால் குரைத்தே தீரும் ஸ்டேசன் நாய்
வாயைத் திறந்தபடி மறந்து நின்றது.
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள்
படங்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் பார்த்தார்கள்.
சுருட்டை முடி வெள்ளைக்காரப் பையன் ஒருவன் குதித்திறங்கி
பெயர்ப்பலகையை, ஊரைத் தவிர்த்து
உயரத்தை மட்டும் சத்தமாய் வாசித்தான்:
நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி.
கார்ட் இரண்டு மொழியில் ஏசினார்.
நான் புதரில் தேடினேன்,
விழுந்த இடத்தைத் தவிர
மற்ற எல்லா இடத்திலும்.

நான்கு நிமிடம்.

மேடையில்லாத பக்கமாக,
சல்லிக்கல்லின் மேல்,
சோறு சமைக்கும் மின்சட்டிப் பெட்டியை இடுப்பில் இடுக்கி
அவள் இறங்கினாள்.
என்னைப் பார்க்கவில்லை.
ஓடவுமில்லை.
வீட்டு வாசலில் இறங்குகிறவளுக்கு
என்ன அவசரம்.

கோச்சி போனபின்
திசாநாயக்க மாத்தயா அறிக்கைப் புத்தகத்தை விரித்தார்.
என்ன நடந்தது?
கை வழுக்கிட்டுது, சேர்.
கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்,
பிறகு ஜன்னலுக்கு வெளியே,
பாதி காய்ந்திருந்த மேடையை.
பேனையை இரண்டு தரம் உதறினார்.
"கடும் மழை" என்று
சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அப்படியும் சம்பளத்தில் முந்நூற்றைம்பது வெட்டு.
ஒரு எச்சரிக்கைக் கடிதம்.
அதைப் பத்திரமாய்
பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறாள் என் மனைவி.
ஏனென்று நான் கேட்கவில்லை.

நேற்று மடுவத்தடியில் தங்கேஸ்வரி மறித்தாள்.
கட்டட வேலைக்குப் போன மகன்
காலில் மாவுக்கட்டோடு ஊருக்கு வருகிறானாம்.
வானம் துடைத்த தட்டுப் போல் கிடந்தது.
அவள் அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அண்ணே," என்றாள்,
"வெள்ளிக்கிழம
மழ பெய்யுமா?"